லெட்டர்ஃப்ராக்: இடிக்காமல் வைத்த பள்ளி

வெனிஸ் நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டடக்கலைக் கண்காட்சியில் நாடுகள் வழக்கமாகத் தங்கள் பெருமையைத்தான் காட்சிக்கு வைக்கும். 2004இல் அயர்லாந்து அங்கே வைத்தது, தான் தலைகுனிய வேண்டிய ஒரு கட்டடத்தின் கதையை. நாட்டின் மேற்குக் கரையில், கானமாரா மலைகளின் அடிவாரத்தில், லெட்டர்ஃப்ராக் என்ற சிற்றூரில் அந்தக் கட்டடம் இருக்கிறது. 1887 முதல் 1974 வரை அது கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று நடத்திய சிறுவர் உறைவிடத் தொழிற்பள்ளி. இன்று அங்கே மரச்சாமான் வடிவமைப்புக் கல்லூரி நடக்கிறது. சிறுவர்கள் அடிவாங்கிய சுவர்களுக்குள் ஒரு கல்லூரி எப்படி வந்தது, அந்த மாற்றத்தில் எதை வைத்துக்கொண்டார்கள், எதைத் திருப்பிப்போட்டார்கள் என்பதே கட்டடக் கலைஞர்கள் ஷீலா ஓ'டொனலும் ஜான் டுவோமியும் அந்த அரங்கில் எடுத்துச் சொன்னது.

பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடம் என்றால் கோட்டை, மாளிகை, கோயில், தேவாலயம் என்று மனம் போகும். லெட்டர்ஃப்ராக் பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. முற்றத்தைச் சுற்றி வரிசையாக ஜன்னல் வைத்த, அலங்காரமில்லாத, இரண்டு தள நீளக் கட்டடம். சில மைல் தள்ளி ஏரிக்கரையில் நிற்கும் கைல்மோர் மாளிகையைப் பார்க்கப் பேருந்து பேருந்தாகப் பயணிகள் வருகிறார்கள். இந்தப் பள்ளியைக் கடந்துபோகும்போது பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஏழைகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அயர்லாந்து எப்படி நடத்தியது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு இந்த ஒரே மண்ணில் மூன்று அத்தியாயங்கள் கிடைக்கும். பஞ்சத்தில் வந்த உதவிக்கரம் ஒன்று. சட்டமும் சபையும் சேர்ந்து எழுப்பிய அடைப்பு இன்னொன்று. ஊர்க்காரர்களே பங்கு போட்டு மீட்ட வாழ்க்கை மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகச் சுமந்து நிற்பதால்தான் அந்தக் கட்டடத்துக்கு மதிப்பு.

முதல் அத்தியாயம் பஞ்சத்தோடு தொடங்குகிறது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோய் அயர்லாந்தில் ஏறத்தாழ 10 லட்சம் உயிர்களைக் காவு கொண்டது. அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறினார்கள். மிக மோசமாக அடிவாங்கிய பகுதிகளுள் கானமாராவும் ஒன்று. பாறையும் சதுப்பும் மழையும் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் அந்த நிலத்துக்கு 1849இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரிலிருந்து ஜேம்ஸ் எல்லிஸ், மேரி எல்லிஸ் என்ற தம்பதி வந்து சேர்ந்தார்கள். இருவரும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர்கள். பஞ்ச நிவாரணத்தில் குவேக்கர்கள் ஆற்றிய பணி அயர்லாந்தில் இன்றும் நன்றியோடு பேசப்படுகிறது. கஞ்சி ஊற்றுவதற்கு மதமாற்றத்தை விலையாகக் கேட்காதவர்கள் என்ற நற்பெயர் அவர்களுக்கு உண்டு.

எல்லிஸ் தம்பதியர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள், மரக்கன்று நட்டார்கள், சாலையும் வீடுகளும் கட்டினார்கள். பள்ளிக்கூடம், மருந்தகம், கடை, மது விற்காத தங்கும் விடுதி ஒன்று எனப் படிப்படியாக ஊர் உருவானது. இன்றைய லெட்டர்ஃப்ராக்கின் அமைப்பே அவர்கள் போட்டது. தானமாகக் கொடுப்பதைவிட வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது மேல் என்பது அவர்கள் எண்ணம். உடல்நலம் கெட்டதால் 1857இல் அவர்கள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நிலம் கைமாறியது. புதிய உரிமையாளர் புராட்டஸ்டன்ட் மதப் பரப்புப் பணிக்கு ஆதரவாளர். அந்தக் காலத்து கானமாராவில் ஒவ்வொரு குழந்தைக்காகவும் இரு திருச்சபைகளும் மல்லுக்கு நின்றன. அந்தப் போட்டியின் தொடர்ச்சியாக, 1882இல் டுவாம் மறைமாவட்டக் கத்தோலிக்கப் பேராயர் ஜான் மெக்கவில்லி அந்தச் சொத்தை வாங்கினார். அங்கே ஏழைச் சிறுவர்களுக்கு ஒரு தொழிற்பள்ளி அமைய வேண்டும் என்று அரசிடம் விண்ணப்பித்தவரும் அவரே.

தொழிற்பள்ளிச் சட்டம் அயர்லாந்துக்கு 1868இல் வந்தது. குற்றம் செய்த சிறுவர்களுக்குச் சீர்திருத்தப் பள்ளி, குற்றம் செய்யாத ஆனால் அனாதரவான சிறுவர்களுக்குத் தொழிற்பள்ளி என்பது அதன் பாகுபாடு. பள்ளியை நடத்துவது துறவற சபை. தலைக்கு இவ்வளவு என்று வாராவாரம் பணம் தருவது அரசும் உள்ளாட்சியும். இந்தத் தலைக்கணக்கு ஏற்பாட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கட்டில் நிறைந்தால் வருமானம், காலியானால் நட்டம். ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி வைப்பதில் நிர்வாகத்துக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதே தொகையை வறுமையில் வாடும் தாயின் கையில் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்குமே என்ற கேள்வியைக் கேட்கவும் ஆளில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நாடெங்கும் ஏறத்தாழ 70 தொழிற்பள்ளிகள் முளைத்துவிட்டன. பிரிட்டன் 1933இல் இந்த முறையை மாற்றிக்கொண்டது. விடுதலை பெற்ற அயர்லாந்தோ அதை அப்படியே வைத்துக்கொண்டது.

லெட்டர்ஃப்ராக்கில் புனித சூசையப்பர் தொழிற்பள்ளி 1887இல் திறக்கப்பட்டது. நடத்தும் பொறுப்பு கிறிஸ்தவ சகோதரர் சபைக்குப் போனது. எட்மண்ட் ரைஸ் என்ற வணிகர் 1802இல் வாட்டர்ஃபோர்டில் ஏழைப் பையன்களுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த சபை அது. அயர்லாந்தின் சாமானியக் குடும்பங்களுக்குக் கல்வி எட்டியதில் அந்தச் சபைக்குப் பெரிய பங்கு உண்டு. கடல் கடந்தும் பள்ளிகள் நடத்தியது. டெல்லியில் 1941இல் தொடங்கிய புனித கொலம்பா பள்ளி அவர்களுடையதே. அப்படிப்பட்ட நற்பெயர் லெட்டர்ஃப்ராக்குக்குக் கவசமாக நின்றது. அருட்சகோதரர்கள் வளர்க்கும் பிள்ளைகளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்று ஊரும் நீதிமன்றமும் கல்வித்துறையும் நம்பின. நம்ப விரும்பின என்பதே பொருத்தம்.

87 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,800 சிறுவர்கள் அந்த வாசலுக்குள் நுழைந்தார்கள். பெரும்பாலோர் அனாதைகள் அல்லர். தாய் இறந்து, தந்தை வேலை தேடிப் போய், வீட்டில் ஆறேழு பிள்ளைகள் சோற்றுக்குத் தவித்தால் குழந்தைவதைத் தடுப்புச் சங்கத்தின் ஆய்வாளர் வந்து நிற்பார். பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளை, கடையில் எதையாவது எடுத்துவிட்ட பிள்ளை, தக்க பாதுகாவலர் இல்லாத பிள்ளை என ஏதாவது ஒரு காரணம் போதும். மாவட்ட நீதிமன்றத்தில் சில நிமிடங்களில் உத்தரவு தயாராகும். பல உத்தரவுகள் 16 வயது வரை செல்லும். எட்டு வயதில் அனுப்பப்பட்டால் எட்டு ஆண்டு.

தூரமே பாதித் தண்டனை. டப்ளினிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர்; கால்வே நகரிலிருந்தே 80. கால்வே–கிளிஃப்டன் ரயில் பாதையும் 1935இல் மூடப்பட்டது. கூலிக்காரப் பெற்றோர் பிள்ளையைப் பார்த்துவர வேண்டுமென்றால் ஒரு வாரக் கூலி போய்விடும். அதனால் பல சிறுவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் யாரும் வரவில்லை. தப்பி ஓடியவர்கள் சதுப்பையும் மலையையும் தாண்ட முடியாமல் பிடிபட்டார்கள். திருப்பிக் கொண்டுவரப்பட்டவனின் தலையை மழித்து, எல்லோர் முன்னிலும் அடித்தார்கள். ‘லெட்டர்ஃப்ராக்குக்கு அனுப்பிவிடுவேன்’ என்பது அயர்லாந்து முழுவதும் குறும்புக்காரப் பையன்களை அடக்கப் பெரியவர்கள் சொல்லும் மிரட்டலாக நிலைத்தது. அந்த ஊரைப் பார்த்திராத குழந்தைக்குக்கூட அந்தப் பெயர் வயிற்றைக் கலக்கியது.

பெயருக்கேற்பத் தொழில்களும் இருந்தன. தையல், செருப்புத் தைத்தல், தச்சு, ரொட்டி சுடுதல், சலவை, பண்ணை வேலை. சதுப்பில் இறங்கி எரிபொருளுக்கான மண்கரியை வெட்டிக் காயவைக்கும் வேலையும் உண்டு. இவற்றில் பெரும்பகுதி பள்ளியின் அன்றாடத் தேவையை ஈடுகட்டவே பயன்பட்டது. பையன்கள் தைத்த துணியைப் பையன்களே உடுத்தினார்கள், பையன்கள் விளைவித்த உருளைக்கிழங்கு சமையற்கட்டுக்குப் போனது. கைத்தையலும் கைச்செருப்பும் ஆலைச் சரக்கின் முன் நிற்க முடியாத காலம் வந்த பிறகும் பாடம் மாறவில்லை. வெளியே வந்த இளைஞனுக்குக் கையில் வேலையும் இல்லை, ஒழுங்கான எழுத்தறிவும் இல்லை. பலர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். சிலர் ராணுவத்தில் சேர்ந்தார்கள்.

1954இல் சபை ஒரு முடிவெடுத்தது. இனி லெட்டர்ஃப்ராக் குற்றம் செய்து நீதிமன்றத்தால் அனுப்பப்படும் சிறுவர்களுக்கு மட்டும் என்பதே அது. மற்றவர்கள் வேறு பள்ளிகளுக்கு மாற்றப்பட்டார்கள். எண்ணிக்கை சரிபாதிக்கும் கீழே இறங்கியது. தலைக்கணக்கில் வரும் பணமும் அதோடு சரிந்தது. ஆள் குறைந்த, பணம் குறைந்த, யார் கண்ணும் படாத அந்த இடத்தின் கடைசி இருபது ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதைப் பின்னாளில் சாட்சியங்கள் சொல்லின.

எதுவும் யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. அமெரிக்காவில் ‘பாய்ஸ் டவுன்’ என்ற சிறுவர் நகரை நிறுவிப் புகழ்பெற்ற அருட்தந்தை எட்வர்ட் ஃபிளானகன், அயர்லாந்தில் பிறந்தவர். 1946இல் தாயகம் வந்தபோது இத்தகைய நிறுவனங்களைப் பற்றி மேடையேறியே கண்டித்தார். ஒரு கத்தோலிக்கக் குருவே சொல்கிறார் என்பதால் நாடு திடுக்கிட்டிருக்க வேண்டும். மாறாக நீதித்துறை அமைச்சர் ஜெரால்ட் போலண்ட் நாடாளுமன்றத்தில் அது மிகைப்படுத்தல் என்று ஒதுக்கித் தள்ளினார். ஃபிளானகன் இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார். பேச்சும் அதோடு அடங்கியது.

அடங்காத ஒரு குரல் பீட்டர் டிரெலுடையது. கால்வே மாவட்டத்தில் 1916இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1924இல், எட்டு வயதில், லெட்டர்ஃப்ராக்குக்கு அனுப்பப்பட்டார். தையல் கற்றார். 16 வயதில் வெளியே வந்து, இங்கிலாந்து சென்று, பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுப் போர்க்கைதி முகாமில் கிடந்தார். அந்த முகாம் வாழ்க்கை லெட்டர்ஃப்ராக்கைவிட எவ்வளவோ மேல் என்று பின்னாளில் எழுதினார். 1950களில் அவர் அதிகாரிகளுக்கும் சபைத் தலைவர்களுக்கும் கடிதம் கடிதமாக எழுதிப் பார்த்தார். செவிசாய்த்த ஒரே பொதுவாழ்க்கைப் பிரமுகர் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்ற செனட் உறுப்பினர். உன் நினைவுகளை எழுது என்று தூண்டியவரும் அவரே. லண்டனில் தையல் வேலை பார்த்துக்கொண்டே டிரெல் எழுதினார்: எந்தச் சகோதரர் எதைக் கொண்டு அடித்தார், எந்தப் பையன் எப்படி அழுதான், சோற்றில் என்ன இருந்தது என்று. பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை.

1967 ஏப்ரலில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் அவர் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். யார் என்று அடையாளம் காண முடியவில்லை. அருகில் கிழிந்த அஞ்சலட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அதில் எரியாமல் மிஞ்சிய சொற்கள்: ஸ்கெஃபிங்டன், டப்ளின். அந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு காவல்துறை அவரை அடையாளம் காண ஏறத்தாழ ஓராண்டு ஆனது. கையெழுத்துப் படி செனட்டரின் தாள்களோடு அயர்லாந்து தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைக் கண்டெடுத்த வரலாற்றாசிரியர் டியர்முயிட் வீலன் 2006இல் பதிப்பித்தார். எழுதியவர் இறந்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு.

இடையில் இன்னொரு முன்னாள் மாணவர் பேசியிருந்தார். 1968இல், 11 வயதில், டப்ளினிலிருந்து லெட்டர்ஃப்ராக்குக்கு அனுப்பப்பட்ட மேனிக்ஸ் ஃபிளின், அந்த அனுபவத்தை 1983இல் நாவலாக வெளியிட்டார். நாடு அதைப் படித்தது. ஆனால் கதை என்று படித்தது. விசாரணை எதுவும் வரவில்லை. 1999இல் செய்தியாளர் மேரி ராஃப்டரி தயாரித்த மூன்று பகுதி ஆவணத் தொடரை அயர்லாந்து தேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோதுதான் மடை உடைந்தது. கடைசிப் பகுதி ஒளிபரப்பான மே 11 அன்று பிரதமர் பெர்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

அதன்பின் அமைந்த விசாரணை ஆணையம் ஒன்பது ஆண்டுகள் உழைத்து, நீதிபதி ஷான் ரயன் தலைமையில், 2009 மே 20 அன்று ஐந்து தொகுதிகளில் அறிக்கை தந்தது. லெட்டர்ஃப்ராக்குக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு. உடல்ரீதியான தண்டனை கடுமையானது, அளவு மீறியது, எங்கும் பரவியிருந்தது, பயத்தையே அன்றாட வாழ்வாக்கியது என்று ஆணையம் கண்டது. பாலியல் கொடுமை அங்கே நாட்பட்ட பிரச்சினை என்றும், புகார் வந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றுவதே சபையின் வழக்கமாக இருந்தது என்றும் பதிவு செய்தது. கண்காணிக்க வேண்டிய கல்வித்துறை சபைக்கு முன் கைகட்டி நின்றது என்பதும் அறிக்கையில் விரிவாக இருக்கிறது. சில சகோதரர்கள் கனிவாக நடந்துகொண்டதைச் சாட்சிகள் மறக்காமல் சொன்னார்கள். இரவில் கூடுதலாக ஒரு ரொட்டித் துண்டு, ஒரு நல்ல சொல் — ஐம்பது ஆண்டு கழித்தும் அவர்கள் அதை நினைவில் வைத்திருந்தது மற்ற நாட்கள் எப்படி இருந்தன என்பதற்குச் சான்று. அங்கே பணியாற்றிய ஒரு சகோதரர் 25 சிறுவர்களுக்குப் பாலியல் கொடுமை இழைத்ததை 2003இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 12 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஆணைய அறிக்கையில் மட்டும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் உண்மைப் பெயர்கள் இல்லை. சபை தொடுத்த வழக்குக்குப் பிறகு ஆணையம் அதற்கு இணங்கியது.

இப்போது மூன்றாவது அத்தியாயம். 1970இல் நீதிபதி ஐலீன் கென்னடி தலைமையிலான குழு, பெரிய உறைவிட நிறுவனங்களைக் கைவிட்டுக் குடும்பம் போன்ற சிறு இல்லங்களுக்கு மாற வேண்டும் என்றது. 1974இல் லெட்டர்ஃப்ராக் பள்ளி மூடப்பட்டது. ஊருக்கு அது இன்னொரு அடி. ஏற்கெனவே இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த பகுதியில் இருந்த ஒரே பெரிய நிறுவனமும் போய்விட்டது. கட்டடம் பாழாகிக்கொண்டிருந்தது. இடித்துத் தள்ளியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாங்கியது ஊர்க்காரர்கள். 1971இல் உள்ளூர் மக்கள் பங்கு சேர்த்துத் தொடங்கிய ‘கானமாரா வெஸ்ட்’ என்ற நிறுவனம், முதலில் டல்லிகிராஸ் என்ற பக்கத்து ஊரில் கூரை வேய்ந்த விருந்தினர் குடில்கள் கட்டி வாடகைக்கு விட்டது. அந்த அனுபவத்தோடு 1978இல் பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. நூலகம் வந்தது, சமூக வானொலி வந்தது, கூட்ட அரங்குகள் வந்தன. பள்ளியின் நிலத்தில் ஒரு பகுதி 1980இல் திறந்த கானமாரா தேசியப் பூங்காவுக்குள் சேர்ந்தது. பையன்கள் மாடு மேய்த்துச் சாணம் அள்ளிய பண்ணைக் கட்டடங்கள்தாம் இன்று பூங்காவின் பார்வையாளர் மையம். டைமண்ட் மலைக்கு ஏறுபவர்கள் அங்கிருந்துதான் நடையைத் தொடங்குகிறார்கள்.

1987இல் கால்வே தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்து அங்கே மரச்சாமான் வடிவமைப்பும் தயாரிப்பும் கற்பிக்கும் படிப்புகள் தொடங்கின. ஊரில் அப்படியொரு தொழில் மரபு இருந்ததனால் அல்ல. இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க ஏதாவது ஒன்று வேண்டுமென்பதால். முன்னாள் படுக்கைக்கூடங்களிலும் வகுப்பறைகளிலும் தொடங்கிய படிப்புக்கு இடம் போதாமல் போக, 1990களின் நடுவில் ஓ'டொனல்–டுவோமி இணையர் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் எதிர்கொண்ட கேள்வி எளிதானதல்ல. இடித்தால் சாட்சியம் அழியும். அப்படியே பளபளவென்று புதுப்பித்தால் நடந்ததெல்லாம் நல்லதே என்று கட்டடம் பொய் சொல்லும். அங்கே தினமும் வந்து படிக்கப்போகும் இருபது வயதுப் பிள்ளைகளை ஒரு நினைவுச் சிறைக்குள் உட்காரவைக்கவும் கூடாது.

அவர்கள் தேர்ந்த வழி இது. பழைய கட்டடம் நின்றது. ஆனால் அதன் மிடுக்கு குலைக்கப்பட்டது. நேர்கோட்டில் நின்று வருபவனை மிரட்டிய சமச்சீர் முகப்பின் எதிரே, பக்கவாட்டில், மலைச்சரிவின் போக்கைப் பின்பற்றிப் புதிய கட்டடங்கள் எழுந்தன. இயந்திரக்கூடம், வேலைமேசைக்கூடம், நூலகம், உணவகம் என ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் திரும்பி நிற்கிறது. அணிவகுப்புக்கான முற்றம் ஊருக்கு வழிவிடும் வெளியாயிற்று. 2001இல் பணி முடிந்தது. இயந்திரக்கூடத்தில் கனத்த மரச்சட்டங்கள் கூரையைத் தாங்குகின்றன. மேலிருந்து வெளிச்சம் நிழலில்லாமல் வேலைமேசைமீது இறங்குகிறது. ரம்பத்தின் இரைச்சலும் ஓக் மரச்சீவலின் வாசனையும் நிறைந்த அந்தக் கூடத்தில் மாணவர்கள் தாங்களே வரைந்த நாற்காலியைத் தாங்களே இழைத்துப் பொருத்துகிறார்கள். தச்சு இங்கே முதல்முறையாக விருப்பத்தோடு கற்கும் கலையாயிற்று. அந்தக் கலைஞர்கள் இருவருக்கும் 2015இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைக் கழகத்தின் ராயல் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவர்களுடைய வாழ்நாள் பணிகளில் லெட்டர்ஃப்ராக்குக்குத் தனியிடம் உண்டு. கல்லூரி 2022 முதல் அட்லாண்டிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதி.

கட்டடத்துக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே, ஒரு சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பள்ளியில் இறந்த சிறுவர்கள் அங்கே புதைக்கப்பட்டார்கள். பெயர் பொறித்த சிறு கருங்கற்கள் வரிசையாக இருக்கின்றன. கற்களுக்கு இடையே வருபவர்கள் விட்டுப்போன பொம்மைகள், ஜெபமாலைகள், கூழாங்கற்கள். கல்லூரிக்கும் பூங்காவுக்கும் நடுவில் அமைந்திருந்தும் அந்த இடத்துக்குத் தேடித்தான் போக வேண்டும். லெட்டர்ஃப்ராக்கைப் பாதுகாப்பது என்றால் முதலில் அந்தத் தோட்டத்தைப் பாதுகாப்பது. புதிய கூடங்களின் அழகைச் சொல்லும் கட்டுரைகள் பலவற்றில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அது அநியாயம்.

இத்தகைய கட்டடங்களுக்கு உலகம் வெவ்வேறு முடிவு கண்டிருக்கிறது. கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளில் பல இடிக்கப்பட்டன, சில எரிந்தன. நோவா ஸ்கோஷியாவில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய ஷுபெனகாடி பள்ளிக் கட்டடம் 1986இல் தீயில் அழிந்தது. இருந்தும் 2020இல் கனடா அரசு அந்த வெற்றிடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. கல்லும் மரமும் போனாலும் அங்கே நடந்தது போகவில்லை என்பதற்கான அரசு ஒப்புதல் அது. டப்ளினில், பெண்களைச் சலவைக் கூலிகளாக அடைத்துவைத்திருந்த ஷான் மெக்டெர்மட் தெரு மகதலேனா நிலையம் 1996இல்தான் மூடியது. அதை ஓட்டல் நிறுவனம் ஒன்றுக்கு விற்கும் திட்டத்தை 2018இல் மாநகர மன்றம் வாக்களித்து நிறுத்தியது. 2022இல் அங்கே தேசிய ஆய்வு நினைவு மையம் அமையும் என்று அரசு அறிவித்தது.

ரயன் ஆணையத்தின் முதல் பரிந்துரை, 1999 மன்னிப்பின் சொற்களைப் பொறித்த ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்பது. டப்ளின் நினைவுத் தோட்டத்தோடு சேர்த்து அதை அமைக்கத் திட்டம் தீட்டினார்கள். திட்ட அனுமதி வாரியம் 2013இல் மறுத்துவிட்டது. ஆவணங்களின் கதி இன்னும் கவலைக்குரியது. ஆணையத்திலும் இழப்பீட்டு வாரியத்திலும் முன்னாள் மாணவர்கள் சொன்ன சாட்சியங்களைக் குறைந்தது 75 ஆண்டுகள் பூட்டிவைக்க 2019இல் ஒரு மசோதா வந்தது. தங்கள் வாழ்க்கைக் கதையைத் தாங்களே பார்க்க முடியாமல் போகும் என்று பாதிக்கப்பட்டவர்களும் வரலாற்றாசிரியர்களும் எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறவில்லை.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது லெட்டர்ஃப்ராக் ஊர்க்காரர்கள் செய்தது பெரிய காரியம். அவர்கள் அரசின் ஆணைக்காகவோ தொல்லியல் துறைப் பலகைக்காகவோ காத்திருக்கவில்லை. தங்கள் ஊர்ப் பெயரையே கறைப்படுத்திய கட்டடத்தை வாங்கி, அதைத் தங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் பயன்பாடு பெருகப் பெருக நினைவு மங்கும் ஆபத்தும் கூடவே வரும். முன்னாள் மாணவர்கள் பலருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் திரும்பி வந்து, இது எங்கள் படுக்கைக்கூடம், இது நாங்கள் நின்ற இடம் என்று சுட்டிக்காட்டும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளே. அவர்கள் சுட்டும் ஒவ்வொரு அறையும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். எந்த அறை எதற்குப் பயன்பட்டது என்ற விவரம் கட்டடத்திலேயே எழுதப்பட வேண்டும். டிரெலின் நூல் அங்கே படிக்கும் மாணவர்களின் கையில் இருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை ஊர் நடுவிலிருந்தே தெரியும்படி பலகை வைக்க வேண்டும். பள்ளியின் பதிவேடுகள் சபையிடமும் அரசிடமும் சிதறிக் கிடக்காமல் ஒரே இடத்தில், குடும்பத்தார் கேட்டால் எடுத்துக்கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும், அவ்வளவே.